பிரலீன் ஆடிய பாட்டு

இரண்டாவது பாட்டும் முடிந்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

காலையிலிருந்து பன்னிரண்டு மைல் குதிரைச் சவாரி செய்து வந்த கூட்டம். மேய்ச்சல் நிலத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, பீரும் கம்போ குழம்புமாக உட்கார்ந்து என் தம்பியை வேடிக்கை பார்த்தது.

சிலர் கை தட்டினார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லூசியானாவில், எங்கள் சவாரிக் கூட்டத்தில், கை தட்டினால் பாவம் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பாட்டு பிடித்துவிட்டால் வரிசை கட்டி ஆடுவார்கள். யாரும் ஆடாத பாட்டு அன்றோடு சரி.

தம்பி லவெல் டிரெய்லர் மேடையில் நின்று தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தான். தோளில் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம், பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். கன்ட்ரி என்கிற நாட்டுப்புறப் பாட்டை எடுத்து, அடியில் ஹிப் ஹாப் தாளத்தைப் போட்டு, நடுவில் மூச்சு விடாமல் ராப் பாடுவான். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. கன்ட்ரி ரேடியோக்காரர்கள் இது ராப் என்றார்கள். ராப் ரேடியோக்காரர்கள் அவன் தொப்பியையும் பூட்ஸையும் பார்த்துச் சிரித்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது என் தம்பிக்காகவே சொன்னது.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிடா? ஏதாவது ஒண்ணைப் பாடித் தொலையேன்" என்று நானும் பதினோரு வருடமாகச் சொல்கிறேன். அவன் தூங்குவது என் வீட்டு சோபாவில். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அதனால்தான் பந்தயம். இன்றைக்கு அவன் பாடும் மூன்று பாட்டில் ஒன்றுக்காவது கூட்டம் ஆட வேண்டும். ஆடாவிட்டால் பாட்டை மூட்டை கட்டிவிட்டு, திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு என்னோடு டிப்போவுக்கு வந்து பள்ளிக்கூட பஸ் ஓட்டப் பழக வேண்டும். நான் இருபது வருடமாக ஓட்டுகிறேன். குறைந்தா போய்விட்டேன்?

கூட்டத்தின் ஓரத்தில் பிரலீன் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரலீன் என் குதிரை. பழுப்பு நிறம், பதினாறு வயது, என்னைப் போலவே எதற்கும் லேசில் அசையாத சுபாவம்.

லவெல் மேடையிலிருந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்தான். மைக்கிலேயே சொன்னான்: "அக்கா, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுக்குள்ள பஸ் சாவியை ஆட்டாதே!"

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாவது பாட்டு எங்கள் அப்பாவின் பழைய டிரக்கைப் பற்றியது. பின்விளக்கு இல்லாத டிரக். போலீஸ் நிறுத்தும்போதெல்லாம் அப்பா ஒன்று சொல்வார். அதையே லவெல் பல்லவியாக வைத்திருந்தான்: "முன்னாடி போறவனுக்குப் பின்னாடி விளக்கு எதுக்குங்க, ஆபீசர்?"

பாஞ்சோ தனியாக ஆரம்பித்தது. பிறகு தாளம் வந்து சேர்ந்தது. வார்த்தைகள் கொட்டின.

ஒருவரும் அசையவில்லை.

முன் வரிசையில் மிஸ் யூலா கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கூட்டத்தில் எந்தப் பாட்டுக்கும் முதல் அடி அவள் எடுத்து வைப்பதுதான். அவள் எழுந்தால் ஊரே எழும். அவளுக்கோ கோழிதான் முக்கியமாக இருந்தது.

போச்சு என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவனுக்கு என்ன சாப்பாடு கட்டிக் கொடுப்பது என்றுகூட யோசித்தேன். பந்தயத்தில் ஜெயிக்கப் போகிறவள் நான்தான். ஆனாலும் என் கண் மிஸ் யூலாவின் தட்டை விட்டு நகரவில்லை.

அப்போது பிரலீன் முன்னங்காலைத் தூக்கினாள்.

இடது, வலது. இடது, இடது, வலது. நின்ற இடத்திலேயே, தாளம் ஒரு இம்மி தப்பாமல். கழுத்தை வளைத்துக்கொண்டு, வாலை வீசிக்கொண்டு.

யாரோ விசில் அடித்தார்கள். தலைகள் திரும்பின, போன்கள் உயர்ந்தன. நான் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன். அவள் நிற்பதாக இல்லை.

மிஸ் யூலா கோழிக்காலைத் தட்டில் போட்டாள்.

"குதிரையே ஆடுது, நாம என்ன மரக்கட்டையா? எழுந்திருங்கடி!"

அவள் வைத்த அடி பிரலீனிடமிருந்து அப்பட்டமாகத் திருடியது. இடது, வலது, இடது, இடது, வலது, கடைசியில் ஒரு திருப்பம் மட்டும் சொந்தச் சரக்கு. பத்துப் பேர் அவள் பின்னால் வரிசை கட்டினார்கள். பிறகு ஐம்பது பேர். பிறகு நாற்காலியில் மிஞ்சியது தொப்பிகள்தான்.

நான்கு முறை பாடவைத்தார்கள். நான்காவது முறை அப்பாவின் வரியை அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

லவெல் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து பிரலீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் காதில் முத்தம் கொடுத்தான்.

"பதினோரு வருஷமா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தியே அக்கா! இவளுக்குப் புரியுது, உனக்குப் புரியலையே!"

"குதிரைக்கு என்னடா புரியும்? ஈ கடிச்சிருக்கும்" என்றேன்.

அவன் கேட்கிறவனா? முதல் ஆல்பத்தின் அட்டையில் பிரலீன் படம்தான் என்று அங்கேயே கூட்டத்துக்கு அறிவித்தான். மிஸ் யூலா குதிரைக்கு ஆப்பிள் ஊட்டினாள். எல்லோரும் வந்து அதன் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார்கள்.

நான் சேணத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சலில் பிரலீனுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. எனக்கும் மாட்டு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னால் விற்றுவிடு என்பார்கள். அன்றிலிருந்து அவள் நடப்பதும் நிற்பதும் திரும்புவதும், சேணத்தின் இரண்டு பக்கமும் என் முழங்கால் சொல்கிறபடிதான்.

அவளை ஆடச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. என் கால்கள் பாட்டுக்குத் தாளம் போட்டிருக்கின்றன.