பதினோரு கொடிகள்

"பத்தடி தள்ளித் தோண்டக்கூடாதா மேடம்?" என்று காவலாளி கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

வரைபடத்தில் கையெழுத்தாகி ஒரு மாதம் ஆகிறது. ஆட்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். இப்போது வந்து தள்ளு என்றால் எங்கே தள்ளுவது?

பூங்காவைப் புதுப்பிக்கும் வேலையில் எனக்கிட்ட முதல் கட்டளையே, இந்தக் காட்டில் முன்பு குடியிருந்தவர்களின் சமாதிகள்மேல் சுற்றுலாக்காரர்களின் கால் படக்கூடாது என்பதுதான். அவர்களோ கல் நடுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. எது எங்கே என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். காவலாளி அவர்களில் ஒருவர். அவரைக் கூட்டிக்கொண்டு காடெல்லாம் அலைந்தேன்.

ஒவ்வோர் இடத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டு வருவார். மொத்தம் பதினொன்று.

முதல் கொடியிலேயே கேட்டார், கொடியைச் சுற்றி வேலி போட்டபிறகு செத்தவரின் வீட்டு ஆட்கள் வந்து உட்காரலாமா என்று. யாருமே போகக்கூடாது, அதுதான் மரியாதை என்றேன். என்ன பெருமை எனக்கு!

தலையாட்டிக்கொண்டார்.

இப்போது தோண்ட நிற்கும் இந்த மரத்தடியில்தான் அவர் தினமும் மதியச் சாப்பாட்டைப் பிரிப்பார். இங்கே ஏதாவது உண்டா என்று மூன்று தடவை கேட்டேன். செருப்புக் காலோடு எட்ட நின்று, மூன்று தடவையும் இல்லை என்றார்.

அதனால்தான் கழிப்பறையை இங்கே வரைந்தேன். தண்ணீரே தேவைப்படாத வகை, எட்டடிக் குழி. மண்ணுக்குக் கேடில்லை என்று கூட்டத்தில் எல்லோரும் மெச்சினார்கள்.

அன்றைக்கு வாயைத் திறக்காமல் இன்றைக்கு வந்து கழுத்தறுப்பதா என்று ஆட்களின் முன்னாலேயே கடிந்துகொண்டேன்.

ஓர் ஆள் கடப்பாரையை ஓங்கினான். காவலாளி அதை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கல்லாம் போய் டீ குடிங்க. நானே தோண்டுறேன்."

லாபம்தான் என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நானும் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். ஏதோ உறுத்தியது. நின்று பார்த்தேன்.

காவலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். கைக்குழந்தையைக் கிடத்த விரிப்பதுபோல, சுருக்கத்தை நீவி நீவி விரித்தார்.

பிறகு செருப்பைக் கழற்றினார்.