ஐம்பத்து நாலு நிமிடம்

"சும்மா அளக்காதடி. பத்து நிமிஷக் கேள்வித்தாளுக்கு ஐம்பத்து நாலு நிமிஷமா? நடுவுல தூங்கிட்டாங்களா?"

கேட்டது கடைசி பெஞ்ச் வாயாடி. செமினார் அறையில் இருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் நின்றிருந்தவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் அவளுக்குப் பெயர் தாழ்ப்பாள். மூன்று வருஷமாக வாயைத் திறக்காதவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"தூங்கல. பேசினாங்க. அது சராசரிதான். அதிகபட்சம் ஒரு மணி இருபது நிமிஷம்."

"யாருடி அந்தப் புண்ணியவதி?"

"தையல்கார அக்கா."

மறுபடியும் சிரிப்பு. "ஏய், சும்மா இருங்க," என்று மேடம் மேஜையைத் தட்டினார்.

உளவியல் பட்டப்படிப்பின் கடைசிப் பருவம். செய்த ஆய்வை இந்த அறையில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். மேடம் கையெழுத்துப் போட்டால் பட்டம். போடாவிட்டால் இன்னும் ஆறு மாதம், அதே விடுதி, அதே அறை. கூட இருந்த பெண், 'உன்கூட இருக்கறதும் சுவத்துகூட இருக்கறதும் ஒண்ணுதான்' என்று சொல்லிவிட்டு இரண்டாம் வருஷமே வேறு அறைக்குப் போய்விட்டாள். அந்தக் கட்டிலில் இப்போது ஈரத்துணி காய்கிறது. வீட்டிலிருந்து அம்மா போன் செய்தால், 'சாப்ட்டியா, படிச்சியா'வோடு ஒன்றரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். இன்னொரு ஆறு மாதத்தைத் தாழ்ப்பாளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆய்வின் தலைப்பு: 'தனியாக வேலை செய்பவர்களின் தனிமை உணர்வு'. தையல் கடை, மருந்துக்கடை, சலவைக்கடை, கார் நிறுத்துமிடத்தின் டிக்கெட் கூண்டு என்று முப்பது பேரைப் பிடித்தாள். ஆளுக்கு இருபது கேள்வி. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பதில் சொன்னவரின் போன் நம்பர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் குறிக்க வேண்டும். நாலு வாரம் தெருத்தெருவாக அலைந்ததில் செருப்புதான் தேய்ந்தது, அவளுக்கு அலுக்கவேயில்லை.

"மார்க்கையெல்லாம் பாத்தேன்மா," என்றார் மேடம். "அறுபதுக்குச் சராசரி பதினாலு. அப்படின்னா இவங்க யாருக்கும் தனிமையே இல்லன்னுதான அர்த்தம்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி முன் நின்று பதிலை ஏழு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"இல்ல மேடம். தாள்ல மறைச்சுட்டாங்க. முன்னபின்ன தெரியாத ஒருத்தி வந்து 'உங்களுக்கு யாருமில்லையா'ன்னு கேட்டா, யார் ஆமான்னு டிக் அடிப்பாங்க? ஆனா நேரத்தை மறைக்க முடியாதுல்ல?"

"புரியலையே."

"கேள்வி முடிஞ்சாலும் பேச்சு முடியல மேடம். தையல்கார அக்காவைக் கூப்பிட அவங்க பையன் ரெண்டு தடவை வந்தான். 'இருடா, பேசிட்டு வரேன்'னு திருப்பி அனுப்பிட்டாங்க. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிட்டார், அப்பவும் 'உக்காரும்மா'ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டார். டிக்கெட் கூண்டுத் தாத்தா அவரோட டீயில பாதிய எனக்கு ஊத்திக் குடுத்தார். எவ்ளோ ஏங்கிப் போயிருந்தா இப்படிப் பண்ணுவாங்க!"

வாயாடிகூட கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். தாழ்ப்பாளுக்கு இப்படிப் பேச வருமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கே அது அதிசயமாகத்தான் இருந்தது. தெம்பாகக் கடைசிப் பக்கத்தைத் திரையில் போட்டாள்.

"இதான் மேடம் என் முடிவு. தனிமையை டிக் மார்க்குல அளக்க முடியாது. பேட்டி முடிஞ்சப்புறமும் யாரு அடுத்தவங்களை விடலையோ, அவங்கதான் தனிமையில தவிக்கறவங்க."

யாரோ கைதட்டப் போனார்கள். அதற்குள் மேடம் பையிலிருந்து சிவப்பு டைரியை எடுத்தார். தட்டப் போன கை அப்படியே நின்றது.

சிவப்பு டைரியைத் தெரியாதவர்கள் அந்தத் துறையில் கிடையாது. ஆய்வு எதுவானாலும், பதில் சொன்னவர்களில் மூன்று பேருக்கு மேடமே போன் போட்டு விசாரிப்பார். போன வருஷம் ஒரு சீனியர் அண்ணன், நாலு பேனாவை வைத்துக்கொண்டு, விடுதிக் கட்டிலில் படுத்தபடியே நாற்பது தாளையும் நிரப்பிவிட்டார். பாவம், அண்ணன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

"போச்சு," என்று வாயாடி முணுமுணுத்தாள்.

"நேத்து உன் ஆளுங்க மூணு பேர்கிட்ட பேசினேன்," என்றார் மேடம்.

தாழ்ப்பாள் கேள்வித்தாள் கட்டை எடுத்து நீட்டினாள். "நிஜமாவே போனேன் மேடம். சத்தியமா. நேரம்கூட வாட்ச்சைப் பாத்துத்தான் எழுதினேன்."

"தெரியும்மா. நீ எழுதின நேரத்துல ஒரு நிமிஷம்கூடப் பொய்யில்ல. உன் முடிவும் சரிதான்."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்புறம் என்ன மேடம்? கையெழுத்து..."

மேடம் பேனாவைத் திறக்கவில்லை. எழுந்து அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"மூணு பேரும் சொல்லி வெச்சாப்பல ஒரே பதில்தான் சொன்னாங்க. 'கேள்வியெல்லாம் எட்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு மேடம். அந்தப் பொண்ணுதான் எழுந்து போக மனசில்லாம உக்காந்திருந்துச்சு. பாவம், பேச ஆளில்ல போலன்னு நாங்களும் எதையாவது பேசிக்கிட்டு கூடவே இருந்தோம்.'"

நீங்களே சொல்லுங்கள், இந்த ஆய்வுக்குக் கையெழுத்துப் போடலாமா, கூடாதா?