வண்டி பார்க்க வந்தவர்

முட்டி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, தரகர் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் டார்ச்சோடு தலையை நுழைத்தார்.

எங்காவது ஒரு ஒட்டு, ஒரு சொட்டு ஆயில் கசிவு, வண்டியை விற்கிற இந்தப் பையன் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு குறை. அது போதும் அவருக்கு.

கிடைக்கவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பழைய வண்டி வாங்கி விற்றே தலை நரைத்த மனுஷன். ஆனால் இன்றைக்கு அவர் வண்டி வாங்க வரவில்லை. இந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று அவருடைய சின்ன மகள் சொல்லியிருக்கிறாள்.

"நேராப் போய் நான்தான் அப்பான்னு சொல்லிப் பேசுங்க. அக்காவுக்குப் பண்ண மாதிரி இங்கயும் வேஷம் கட்டுனீங்க, எனக்கு அப்பாவே இல்லைன்னு நெனச்சுக்குவேன்" என்றும் சொல்லியிருக்கிறாள்.

சொன்னால் சொன்னதைச் செய்கிறவள். யாரைக் கொண்டு பிறந்தாளோ!

பெரிய மகள் விஷயத்தில் அவர் ஆடியது ஊரே சிரித்த கூத்து. வாடகைக்கு வீடு தேடுகிறவர் மாதிரி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சமையலறை வரைக்கும் நுழைந்து துருவிவிட்டு வந்தார். கல்யாணத்தன்று குட்டு உடைந்தது. அன்றிலிருந்து பெரிய மாப்பிள்ளை இவரைப் பார்த்தால் "வாங்க" என்பதோடு சரி. பெரியவளும் வருவதைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் அடியோடு நிறுத்திவிட்டாள்.

வலிக்காமல் இல்லை. ஆனாலும், பெண்ணைப் பெற்றவன் என்று தெரிந்துவிட்டால் எவன் உள்ளதை உள்ளபடி காட்டுவான்? கழுவித் துடைத்து வாசனை அடித்து அல்லவா கொண்டுவந்து நிறுத்துவான்? அடுத்த வாரம் போய்ப் பேசுகிறேன் என்று சின்னவளிடம் தலையை ஆட்டினார். மறுநாளே, பையன் தன் காரை விற்கக் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து அவனுக்குப் போன் போட்டார். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னார். இதோ, அவனுடைய ஷெட்டில் மல்லாந்து கிடக்கிறார்.

வந்ததும் பானெட்டைத்தான் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. ஏமாற்றுகிறவன் ஆள் வருமுன்பே இன்ஜினைச் சூடாக்கி, ஆறின இன்ஜினில் கேட்கும் கடகட சத்தத்தை அமுக்கி வைத்திருப்பான். இவன் அதைச் செய்யவில்லை.

கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னான். இடது பக்கக் கதவு இடிபட்டு மாற்றியதாம். வேகத்துக்காக டர்போ ஏற்றியதில் கிளட்ச் சீக்கிரம் தேய்கிறதாம். உயரத்தைக் குறைத்ததால் வேகத்தடையில் வயிறு உரசுகிறதாம். கழற்றின ஒரிஜினல் சாமான் எங்கே என்று வாயெடுப்பதற்குள், மூலையிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தான். சைலன்சர், ஸ்பிரிங், எல்லாம் துணி சுற்றி இருந்தன.

மாற்றிக் கட்டின வண்டியில் பாதி விலை அந்தப் பெட்டிதான். முக்கால்வாசிப் பேர் அதை விற்று முழுங்கியிருப்பார்கள்.

இப்படியும் ஒரு பிள்ளை இருக்குமா? தரகருக்கு நிலைகொள்ளவில்லை. அடியிலிருந்து எழுந்து, வண்டியைச் சுற்றி இன்னொரு நடை நடந்தார். சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார்.

அங்கே சிக்கியது.

ரேஸ் வண்டியில் மாட்டுகிற குட்டி ஸ்டியரிங். அதைப் போட வேண்டுமென்றால், மோதினால் உப்பி ஆளைக் காக்கிற ஏர்பேக்கைக் கழற்றியாக வேண்டும். இவ்வளவு பேசினவன் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. மாட்டினாயா மகனே என்று உள்ளுக்குள் துள்ளினார். துள்ளிய வேகத்திலேயே அடங்கினார். சின்னவளிடம் இதை எப்படிச் சொல்வது?

"வண்டி எனக்கில்ல தம்பி. என் பொண்ணு ஓட்டத்தான்" என்று தூண்டிலைப் போட்டார்.

பையன் கையை நீட்டிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அப்ப இப்படியே தர மாட்டேன் சார். இந்த ஸ்டியரிங்ல ஏர்பேக் கிடையாது. நான் பண்ண மடத்தனம் அது, சொல்லவே வெக்கமா இருக்கு. பழசை மாட்டி, சரியா வேலை செய்யுதான்னு பார்த்துட்டுத்தான் தருவேன். இல்லாட்டி விக்கவே இல்லன்னு வெச்சுக்கங்க."

அடேயப்பா! கட்டிப்பிடித்து உச்சி முகரலாம் போலிருந்தது தரகருக்கு. அவர் பார்த்த வியாபாரத்தில் வெட்கப்பட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

வண்டியிலிருந்து இறங்கினார். சொல்லிவிட வேண்டியதுதான். நான்தான் அவள் அப்பா. வாயைத் திறந்தார், மூடினார். பெயரைக்கூடப் பொய்யாகச் சொன்னவன் எந்த முகத்தோடு ஆரம்பிப்பது? கைக்குட்டையால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

பையனுடைய போன் அடித்தது. எடுத்ததும், தகரக் கூரை போட்ட அந்த ஷெட்டில் சின்னவள் குரல் கணீரென்று கேட்டது.

"அப்பா வந்துட்டாரா? அவரு நம்பர்லேர்ந்துதானே உனக்குப் போன் வந்துச்சு? யாருன்னு சொன்னாரா, இல்ல இன்னும் நாடகம்தான் ஓடுதா?"

தரகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயரை மாற்றிச் சொன்ன மேதாவி, போன் போட்டது சொந்த நம்பரிலிருந்து. அப்படியென்றால் இவனுக்கு முதலிலிருந்தே தெரியும். பெரியவள் போன மாதிரி இவளும் போனாள். வண்டியின் கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

பையன் அவர் முகத்தையே பார்த்தான். பார்த்துக்கொண்டே போனில் பேசினான்.

"வந்ததும் வராததுமா சொல்லிட்டாரே. மாமாவும் நானும் அப்பலேர்ந்து பேசிட்டுத்தான் இருக்கோம்."

இவ்வளவு நேரம் அவனிடம் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்காத பொய் ஒன்று, கடைசியில் கிடைத்துவிட்டது.