நேராகப் பேட்டரிக்கு

"இனிமே என் வண்டி மேல நீங்க கை வைக்காதீங்க மாமா," என்றான் நெபோய்ஷா.

சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். எலக்ட்ரீஷியன் ராடிஷாவின் பட்டறை வாசலில், உயிர் போன கார் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றான். இந்நேரம் வேலை பார்க்கும் வியன்னாவுக்குக் கிளம்பியிருக்க வேண்டியவன். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா யகோதா, தலையில் கறுப்புத் துணியோடு.

ராடிஷாவின் மனைவி ஸ்தானா காப்பியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெளிநாட்டு வேலையிலிருந்து ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்கு வரும் பையன்கள் எல்லோரையும் போல நெபோய்ஷாவும் காரில் பாட்டை அலறவிட்டுத் தெருத்தெருவாகச் சுற்றினான். பின் சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் வெயிலில் கொதித்து, பாதிப் பாட்டில் அணைந்து அணைந்து போனது. நேற்று மாலை ராடிஷா ஒரு பழைய காரின் ஹீட்டர் விசிறியைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயரின் சூடு தணிய அதன் பக்கத்தில் மாட்டிக் கொடுத்தார்.

மாட்டியது சரி. ஒயரைத்தான் தப்பாகக் கொடுத்துவிட்டார். ரேடியோ போட்டதும் ஆம்ப்ளிஃபயரை எழுப்புகிற மெல்லிய ஒயர் ஒன்று உண்டு. அதில் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் ஒன்றை வைத்து விசிறியை ஓட்டினால், பாட்டு நின்றதும் விசிறியும் நின்றுவிடும். ஆறாம் வகுப்போடு நின்ற ஸ்தானாவுக்கே அது தெரியும். ராடிஷா நேராகப் பேட்டரிக்கே கொடுத்திருந்தார். பூட்டிய காருக்குள் ராத்திரி முழுக்க ஓடி, விசிறி பேட்டரியைக் குடித்துவிட்டது.

வேறு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிக்கொள்கிறேன் என்று குதித்தான் நெபோய்ஷா.

"கிளப்பலாம். ஹங்கேரி எல்லையில வரிசை நகர நகர அணைச்சு அணைச்சுக் கிளப்பணுமே. அங்க படுத்துடுச்சுன்னா வெயில்ல யாருப்பா தள்ளுவா? மெதுவாத்தான் சார்ஜ் ஏறணும். சாயங்காலம் வந்து வாங்கிக்கோ," என்றார் ராடிஷா.

அவன் கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே போனான். யகோதாவும் பின்னாலேயே போனாள். ஸ்தானாவுக்கு அவள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. பிப்ரவரியில் அவள் புருஷன் செத்தபோது ராப்பகலாகக் கூட இருந்தது யார்? பெற்ற பிள்ளை அப்பன் வயதுக்காரரைப் பேசுகிறான், கம்பம் மாதிரி நிற்கிறாளே.

பேக்கரி திறப்பதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ராடிஷாவுக்கு முன்போல இல்லை, ஒயர் கூடத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரன் டிராக்டரை ரிப்பேருக்குப் பக்கத்து ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனான், இவர்கள் வாசல் வழியாகவே.

ஸ்தானாவின் பயம் வேறு. ராடிஷாவின் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஸ்பேனரை மறந்தார், அப்புறம் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை.

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டோம், சொல்லு பார்ப்போம்," என்றாள்.

"பீன்ஸ். உப்பு ஜாஸ்தி."

உப்பு ஜாஸ்திதான். ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மகன் தார்கோவிடம் சொல்லலாமென்றால், ஸ்வீடன் போனவன் போனவன்தான். ஈஸ்டருக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். பேரப்பிள்ளைகளைப் படத்தில் பார்த்ததோடு சரி.

அன்று யகோதா புருஷனுக்கு ஆறாம் மாத நினைவுப் பூசை. கோபம் இருந்தாலும் போகாமல் இருக்க முடியாது. ஸ்தானா கறுப்பு உடுத்திக்கொண்டு கல்லறைக்குப் போனாள். ராடிஷா சார்ஜரோடு பட்டறையிலேயே இருந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

நெபோய்ஷாவும் வந்திருந்தான் என்று ராடிஷாவிடம் சொன்னாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அடக்கத்துக்குக்கூட வராதவன். கல்லறை எங்கே ஓடிவிடப் போகிறது என்று இன்றைக்கும் விடியலிலேயே கிளம்ப இருந்தவன். போக வண்டி இல்லாததால், வேண்டாவெறுப்பாக அம்மாவின் பின்னால் வந்திருக்கிறான். பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு தூரத்திலேயே நின்றான். கல்லறை மேல் பிள்ளை ஊற்ற வேண்டிய ஒயின் பாட்டிலைப் பாதிரியார் அவன் கையில் கொடுத்ததும் கிட்டே போனான். போனவன் சிலுவையைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். யார் தூக்கியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் யகோதாவும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஒயின் ஊத்தினானா?" என்று கேட்டார் ராடிஷா.

"ஊத்தினான்."

"அப்ப சரி."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஸ்தானாவுக்குச் சட்டென்று உறைத்தது. "யோவ். நீ தெரிஞ்சேதான் பண்ணினியா?"

ராடிஷா சார்ஜரின் கிளிப்பைச் சரிசெய்தார்.

"யகோதா நேத்து வந்தா. 'அண்ணே, வண்டியை உடைச்சிடாதீங்க, அவனுக்கு அது ஒண்ணு மேலதான் பிரியம். நாளைக்கு ஒரு நாள் கிளம்பாம இருந்தா போதும்'னா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, என் பேரைக் காப்பாத்தறேன்னு பேக்கரி வாசல்ல நின்னு ஊருக்கே சொல்லியிருப்ப."

அது உண்மைதான். ஆனாலும் ஆறவில்லை.

"ஊரான் புள்ளைக்காக இத்தனை வருஷமா சம்பாதிச்ச பேரைத் தொலைச்சுட்டு நிக்கறியே. அப்படி என்னய்யா உனக்கு?"

ராடிஷா பேட்டரியைப் பார்த்தபடியே சொன்னார்:

"நம்ம தார்கோ ஸ்வீடனுக்குக் கிளம்பினப்ப, நான் புதுப் பேட்டரியா பார்த்து மாட்டிக் கொடுத்தேன் ஸ்தானா. சாவியைத் திருப்பின உடனே கிளம்பிடுச்சு."