சிவப்பு முக்காடு

ஹோலுக்குள் காலை வைத்த பிலோமினம்மா, சுவர்ப் படத்தில் இருந்த அம்மாவைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். சிவப்பு முக்காடு, கையில் குழந்தை, தலையைச் சுற்றிக் கதிர்கள். கண்ணை மூடி முணுமுணுக்கவே தொடங்கிவிட்டார்.

அது மாதா இல்லை. சோவியத் காலத்து யுத்தப் போஸ்டர். மேனுஷா ஆசைப்பட்டு வாங்கி மாட்டியது. அடியில் இருந்த ரஷ்ய எழுத்தை அம்மா கலாவதி வைத்த பூச்சாடி மறைத்திருந்தது.

கலாவதி மகளைக் குசினிக்குள் இழுத்துப்போனார். "கழட்டடி எண்டு நேற்றே சொன்னனான், கேட்டியோ? இப்ப வாயைத் திறந்தியெண்டால் கலியாணம் போச்சு!"

பயத்தில் நியாயம் இருந்தது. டிலுக்சனைத்தான் கட்டுவேன் என்று மேனுஷா ஒற்றைக்காலில் நின்று, அவன் தாய் பிலோமினம்மாவை ஹரோவிலுள்ள தங்கள் வீடுவரை வரவழைத்திருக்கிறாள். அவரோ ஞாயிற்றுப் பூசை தவறாத கத்தோலிக்கர். சைவப் பெட்டை என்றதும் முகத்தைத் தூக்கியவர் என்று கேள்வி.

தேத்தண்ணி வந்தது. "சீனி வேண்டாம். ஜாம் இருந்தால் ஒரு கரண்டி தாங்கோ" என்றார் பிலோமினம்மா. சீனி வேண்டாமென்றவர் ஜாம் கேட்கிறாரே என்று முழித்தாலும், கலாவதி ஓடிப்போய்ப் போத்தலோடு வந்தார்.

பிலோமினம்மா மறுபடி சுவரைப் பார்த்தார். "இவவை இஞ்சை காணுவன் எண்டு நான் நினைக்கவேயில்லை."

"ஓமோம், மேனுஷாவுக்குச் சின்னனிலையிருந்தே மாதாவிலை சரியான பக்தி!" கலாவதி கூசாமல் அளந்தார்.

மேனுஷாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பொய்யில் தொடங்கிக் காலம் முழுக்க இந்த மனுசியின் முகத்தில் எப்படி முழிப்பது?

"அன்ரி, இது மாதா இல்லை. யுத்தத்துக்கு ஆள் சேர்க்க ரஷ்யாக்காரர் அடிச்ச போஸ்டர். அந்த அம்மாதான் நாடு, குழந்தைதான் நாளைய சனம். சுத்தியிருக்கிறது கதிர் இல்லை, துவக்குமுனைக் கத்தி."

கலாவதி தலையில் கைவைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். பிலோமினம்மா ஆறுதலாக ஜாம் கரண்டியைத் தேத்தண்ணிக்குள் விட்டுக் கலக்கினார்.

"தெரியும் மருமகள். மொஸ்கோவிலை படிக்கேக்கைதான் இந்த ஜாம் தேத்தண்ணியும் பழகினன்; அங்கை ஹொஸ்டல் சுவரிலை மாதா படம் வைக்க விடேல்லை. இவவைப் பாத்துத்தான் நான் செபமாலை சொன்னனான்."