பாஸ் வரும்போது

"பாஸ் வருதுன்னதும் பதறக் கூடாது. பதறினா முடிஞ்சுது!"

பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து டிரைவரின் குரல் கேட்டதும், பார்சல் கம்பெனியில் பில் போடுகிறவளின் கை அப்படியே நின்றது. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, 'பாஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்பேர்ப்பட்டவரைப் போய் இந்த டிரைவர் ஆடு மாடு மாதிரி 'வருது' என்கிறாரே!

கேட்க அவளுக்குக் குளுகுளுவென்றுதான் இருந்தது. இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் நாற்காலி. வெளியே போவதென்றால் பாஸின் கண்ணாடி அறையைத் தாண்டியாக வேண்டும். கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு கட்டு பில்லோடு வந்து வழியை மறிப்பார்.

நேற்று குழந்தைகள் காப்பகத்தில் மகள் மட்டும் தனியாக, செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவை லேட்டானா வேற இடம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு எகிறிடுதேண்ணே!" இது பேக்கிங் ஆள்.

"விறைப்பா நின்னா எகிறத்தான் செய்யும். வர்ற வேகத்துக்கு நீ கொஞ்சம் பின்வாங்கு. மெத்துன்னு வாங்கிக்கோ, காலடியில அடங்கிடும்."

"அடங்கினப்புறம்?"

"நின்னு வேடிக்கை பாக்காதே. எந்தப் பக்கம் போறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும். சட்டுனு திரும்பு, போயிட்டே இரு."

தடுப்பில் எதுவோ தொம்மென்று மோதியது. பார்சல் இறக்குகிறார்கள் போலிருக்கிறது.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொல்லி வைத்தாற்போல் பாஸ் பில் கட்டோடு வந்து நின்றார்.

"இதை முடிச்சுட்டுத்தான் கிளம்பணும்!"

வழக்கமாக இந்த இடத்தில் அவள் "முடியாதுங்க" என்பாள், அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். இன்று ஓரடி பின்னால் நகர்ந்து, கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஆமாங்க பாஸ், அவசர பில்லுதான். நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க."

கத்துவதற்காக இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் பாஸ் விழித்தார்.

"காலையில வந்ததும் முதல் வேலை இதுதான். வர்றேங்க பாஸ்."

பில் கட்டை மேஜைமேல் வைத்தாள், சட்டென்று திரும்பினாள், நடந்தாள். "ம்... சரி" என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலுக்கு ஓடுகிற அவசரத்திலும் பேக்கிங் பகுதியில் ஒரு நொடி நின்றாள்.

"அண்ணே, பாஸ் விஷயத்துல நீங்க சொன்ன மாதிரியே பண்ணினேன். பின்வாங்கி மெத்துன்னு வாங்கினேன். அப்படியே காலடியில அடங்கிடுச்சு!"

டிரைவரின் முகம் மலர்ந்தது.

"அட, நீங்க ஃபுட்பால் ஆடுவீங்கன்னு சொல்லவே இல்லையே தங்கச்சி!"