விடாத குறடு

பேச்சிமுத்து ஆசாரியின் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த கொல்லுப்பட்டறையில் ஒரு குறடும் ஓர் அரமும் அருகருகே கிடந்தன. இரும்பு நழுவாதபடி குறட்டின் வாயை ராவிச் சீராக்கியது அந்த அரம்தான். ராவி ராவி இப்போது அதன் பல்லெல்லாம் மழுங்கிவிட்டது.

ஒருநாள் ஆசாரி அரத்தைத் தடவிப் பார்த்தார். "இனி இதைக் காய்ச்சிக் கத்தியா அடிச்சுட வேண்டியதுதான்" என்று குறட்டை எடுத்தார்.

குறட்டுக்கு நெஞ்சு கொதித்தது. "உழைச்சுத் தேய்ஞ்ச அண்ணனுக்குக் கடைசியில நெருப்புதான் கூலியா? நான் பிடிக்க மாட்டேன்!" என்று அரத்தைக் கீழே போட்டது. ஆசாரி மறுபடி பிடித்தார். அது மறுபடி போட்டது.

"சபாஷ், சங்கத் தலைவரே!" என்று சிரித்தது சம்மட்டி.

ஆசாரி சலித்துக்கொண்டு, சந்தையில் புதிதாக வாங்கிய இன்னொரு குறட்டை நோக்கிக் கை நீட்டினார்.

அரம் மெதுவாகச் சொன்னது: "தம்பி, நான் நெருப்புக்குப் போறது உறுதியாயிடுச்சு. முன்னே பின்னே தெரியாதவன் வாயிலயா போகச் சொல்றே? உன் பிடின்னா எனக்குத் தெரியும்டா."

குறடு இறுகப் பிடித்தது. உலையிலும் பிடித்தது, அடி விழும்போதும் பிடித்தது.

"இருக்கியாண்ணே?"

"இருக்கேன்டா."

தண்ணீரில் முக்கியதும் கத்தி சுரீரென்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வேலை முடிந்தும் குறடு கத்தியைப் பிடித்த வாயைத் திறக்கவில்லை. ஆசாரி அதைப் பட்டடைக்கல்லில் தட்டிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார்.

"இருக்கேன்டா தம்பி. இப்ப விடு" என்றது கத்தி.

அதற்கப்புறம்தான் விட்டது.